ஓதும் மாணவர்களும் இக்கால நாவல்களும்

அரபிக் கல்லூரிகளில் ஓதும் மாணவர்கள் நாவல் வாசிக்கலாமா என்னும் வினா நம் ஆசிரியர்களிடையே இன்றும் எழுப்பப்படுகின்றது. இது காலம் கடந்த வினா. கைபேசி வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் அவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். உஸ்தாதுக்குத் தெரியாமல் வாசிக்கின்றனர், அவ்வளவே. எனவே எந்த நாவலை, எந்த நிலையில், எவ்வாறு வாசிப்பது என்பதே நாம் பேச வேண்டிய பொருள். அது குறித்து என் சொந்தக் கருத்துகள் சிலவற்றை இங்கு முன்வைக்கின்றேன்.

நாவலைப் பற்றி நம்மிடையே இருவகைப் பார்வைகள் உள்ளன. அது பொய்யும் ஆபாசமும் கலந்தது, ஆகவே விலக்கத்தக்கது என்பது ஒன்று. அரபி நாவலை மொழிப் பயிற்சிக்காக மட்டும் படிக்கலாம், கதையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே மாணவனைக் கதையின் முன் துணையின்றி விட்டுவிடுகின்றன. முதலாவது அவனை ஒளிந்து படிக்கச் செய்கின்றது. இரண்டாவது அகராதியைப் புரட்டச் செய்கின்றதேயன்றிச் சிந்திக்கச் செய்வதில்லை.

இதற்கான விடை நம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றது. ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த பஸரா நகர் அறிஞர் ஹரீரியின் மகாமாத்தை நம் மத்ரஸாக்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்துள்ளன. அதன் ஐம்பது மகாமாக்களிலும் வலம்வரும் அபூ ஸைத் யார்? ஊர் ஊராகச் சென்று மக்களை ஏமாற்றிப் பொருள் பறிக்கும் நாவன்மையாளர். முதல் மகாமாவிலேயே ஸன்ஆ நகர மக்களை உலகப் பற்றின்மை பற்றிய உபதேசத்தால் அழவைத்துக் காசு பெறுகின்றார். பின்னர் ஒரு குகையில் பொரித்த ஆட்டிறைச்சியோடும் மதுச் சாடியோடும் அமர்ந்திருக்கின்றார். இதனை ஓதிக்கொடுத்த நம் பெரியார்கள் எவரும் ஹரீரியை மதுப் பிரியர் என்றோ, உபதேசம் செய்வோரை இழிவுபடுத்தியவர் என்றோ கருதியதில்லை. குஃப்ரை எடுத்துரைப்பவன் அதனால் காஃபிராகிவிடுவதில்லை என்ற விதியை அவர்கள் நன்கறிந்திருந்தனர். பாத்திரம் பேசுவது வேறு, படைத்தவர் கருதுவது வேறு.

இந்த வேறுபாட்டை அறிந்த மாணவன், தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) அஞ்ச வேண்டியதில்லை. ஊர் முதலாளியின் ஆதிக்கத்தையும், பக்தியின் பெயரால் மக்களை ஏய்க்கும் ஒரு தங்ஙளையும், ஆங்கிலப் பள்ளிக்கு மார்க்கத்தின் பெயரால் எழும் எதிர்ப்பையும் அந்நாவல் காட்டுகின்றது. மார்க்கப் பெரியார்களை இது இழிவுபடுத்துகின்றது என்பார் உளர். அபூ ஸைதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இந்தத் தங்ஙளை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது? முன்னவர் அரபியில் பேசுகின்றார், பின்னவர் நம் ஊர்ப் பேச்சில் பேசுகின்றார் என்பதுதான் காரணமாயின், நம்மை வருத்துவது மார்க்கப் பற்றன்று. அடையாளம் தெரிந்துவிட்டதே என்னும் கூச்சமேயாகும். மாணவனின் முதல் நாவல் தாய்மொழியில் அமைவது நலம் என்பதால் இதனையே முதலில் பரிந்துரைப்பேன். குமரி மாவட்டக் கடற்கரையின் மலையாளம் கலந்த பேச்சு பிற மாவட்ட மாணவர்களுக்குத் தடையாகும். சில அத்தியாயங்களை ஆசிரியர் உடனிருந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

அரபியில் முதல் நாவலாக ஃகஸ்ஸான் கனஃபானியின் ‘ரிஜாலுன் ஃபிஷ் ஷம்ஸ்’ (1963) தகும். சிறிய நூல், தெளிந்த நடை. பிழைப்புத் தேடி பஸராவிலிருந்து குவைத்துக்குள் களவாக நுழைய முயலும் மூன்று ஃபலஸ்தீனியர் வெற்றுத் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிகின்றனர். எல்லைச் சாவடியில் எழுத்தர்கள் ஓட்டுநரை வீண்பேச்சில் நிறுத்திவைக்கும் நேரத்தில், பாலைவன வெயிலில் மூவரும் மாண்டுபோகின்றனர். அவர்கள் ஏன் தொட்டியின் சுவரைத் தட்டவில்லை என்னும் கேள்வியோடு நாவல் முடிகின்றது. காலம் முன்னும் பின்னுமாக மாறும் இடங்களில் மாணவர் குழம்புவர். ஆயினும் அந்தக் கேள்வி அவர்களை விடாது. வளைகுடாவுக்குத் தந்தையையோ அண்ணனையோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இது அயலார் கதையன்று.

அதே குவைத்தை உள்ளிருந்து காட்டுவது ஸஊத் அஸ்ஸன்ஊஸியின் ‘ஸாகுல் பாம்பூ’ (2012). 2013இல் அரபிப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசு பெற்றது. குவைத்தியத் தந்தைக்கும், அவ்வீட்டில் பணிபுரிந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் பிறந்த ஈஸா, தாயின் நாட்டில் வளர்ந்து தந்தையின் நாட்டுக்குத் திரும்புகின்றான். இரத்தம் அவர்களுடையது; முகமோ பணிப்பெண்ணுடையது. குடும்பப் பெயருக்கு இழுக்கு நேரும் என்று உறவினர் அவனை ஊரார் கண்ணிலிருந்து மறைக்கின்றனர். விசுவாசிகள் யாவரும் சகோதரர் என்பதை நாளும் ஓதும் சமூகம் வாசலில் நிற்கும் பேரனிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதே இங்குள்ள சோதனை. ஈஸாவின் உள்ளம் மதங்களுக்கிடையே அலைவதை வகுப்பில் மறைக்காமல் விவாதிக்க வேண்டும். கலை நோக்கில் இந்நாவலுக்குக் குறைகள் உண்டு. மூங்கில் என்னும் உருவகம் அளவுக்கு மீறி விளக்கப்படுகின்றது. வாசகனே உணரக்கூடியதைக் கதைசொல்லி தாமே கூறிவிடுகின்றார். ஆயினும் அரபியர் என்றாலே புனிதர் எனக் கருதும் நம் மாணவனுக்கு இந்நூல் ஒரு நன்மை செய்கின்றது. வஹீயின் மொழியைப் பேசுவோரும் நம்மைப் போன்ற மனிதரே என அவன் அறிகின்றான். அம்மொழியின்மீது அவனுக்குள்ள மதிப்பு இதனால் குறைவதில்லை.

தய்யிப் ஸாலிஹின் ‘மவ்ஸிமுல் ஹிஜ்ரதி இலஷ் ஷிமாலை’ (1966) மட்டும் முதுகலை வகுப்புக்கு ஒதுக்கிவைப்பேன். கிராமத்து முதியோரின் கொச்சைப் பேச்சு இதற்குக் காரணமன்று. நாவலின் மொழி முஸ்தஃபா ஸயீதுக்கு அளிக்கும் கவர்ச்சி மிகப் பெரிது. பக்குவமடையாத வாசகன் லண்டனில் அவன் செய்த அழிவை வீரமாகக் கொண்டுவிடக் கூடும். அவனுடைய விதவை தன் விருப்பத்துக்கு மாறாக ஒரு முதியவருக்கு மணமுடிக்கப்பட்டு, அது கொலையிலும் தற்கொலையிலும் முடிவதே நாவலின் கனமான பகுதி என்பது என் கருத்து. அதனைக் காணும் கண் வாய்த்த பின்னரே இந்நூல் பயன் தரும்.

இவ்வாறு தெரிந்தெடுக்க நான் கொள்ளும் அளவுகோல் எளியது. யூசுஃப் அத்தியாயம் ஓர் அரண்மனைப் பெண்ணின் இச்சையை மறைப்பதில்லை. கேட்போரின் இச்சையைத் தூண்டுவதுமில்லை. வஹீயை மனிதக் கற்பனையோடு நான் ஒப்பிடவில்லை. பாவத்தைச் சொல்லும் முறையை மட்டுமே அதிலிருந்து கற்றுக்கொள்கின்றேன். ஒரு நாவலில் பாவம் இருக்கின்றதா என்று கேட்பதைவிட, அது யார் வாயிலாகச் சொல்லப்படுகின்றது, அதனால் துன்புறுவோர் யார், அவர்களை ஆசிரியர் கண்டுகொள்கின்றாரா என்று கேட்பதே முறையான திறனாய்வு.

நாளை மிம்பரில் நிற்கவிருப்பவர்கள் இம்மாணவர்கள். மணமுறிவும் கடனும் பிரிவுத் துயரும் அவர்களிடம்தான் தீர்வு தேடி வரும். சட்டத்தைக் கிதாபுகள் கற்பிக்கும். எதிரே அமர்ந்து அழும் மனிதரின் நிலையை உணர்வதற்கு நல்ல நாவல்கள் உதவும். நம் கல்லூரி நூலகங்கள் ஆண்டுக்கு இரண்டு நாவல்களேனும் வாங்கட்டும்; அவற்றை உஸ்தாதுகள் முதலில் வாசிக்கட்டும்.