மருமக்கள் வழியில் தந்தையின் இடம்

திருவிதாங்கூரில் நாயர் சமூகத்தார் நெடுங்காலம் மருமக்கள் வழியைக் கடைப்பிடித்தனர். இம்முறையில் சொத்து தாய்வழியாக இறங்கும். ஒருவருக்கு வாரிசு மகன் அல்ல, சகோதரியின் மகன். பெண் பிறந்த தறவாட்டிலேயே, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீட்டிலேயே, வாழ்வாள். சம்பந்தம் என்னும் மண உறவு செய்துகொண்ட கணவன் அங்கே வந்து போவான். வீட்டை ஆள்பவர் காரணவர், பெரும்பாலும் தாய்மாமன். குழந்தைக்கு எழுத்தறிவிப்பதும் கண்டிப்பதும் பெரியவனானதும் பிழைப்புக்கு வழி காட்டுவதும் அவர் பொறுப்பு. சட்டப்படி தந்தைக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் மெய்யான பலம் மாமனிடம் இல்லை, தாய்வீட்டில்தான் இருந்தது. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தலைக்குமேல் கூரை மாறாது. தறவாடு தழைக்கப் பெண் வேண்டும் என்பதால் பெண் குழந்தை பாரமாகவில்லை. தந்தை குடிகாரனா கொடையாளியா என்பது பிள்ளையின் சோற்றைத் தீர்மானிக்கவில்லை. தந்தைவழிக் குடும்பங்கள் இன்றும் எட்டாத பாதுகாப்பு இது.

மாமன் நல்லாசிரியராக வாய்த்த இடங்களும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மாவின் ஓவியத் திறமையைக் கண்டுகொண்டவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. தாமே ஓவியரான அவர் முதற்பாடம் கற்பித்து, 1862இல் சிறுவனை ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அவைக்கு அழைத்துவந்தார். ஆனால் அதே ரவிவர்மாவின் கலை அடுத்த தலைமுறையில் மகனிடம் போய்ச் சேர்ந்தது. தாயின் ஊரான மாவேலிக்கரையைச் சேர்ந்த ராமவர்மா ஓவியரானார். 1915இல் அங்கே தந்தை பெயரில் ஓவியப் பள்ளி தொடங்கினார். நிலத்தைத்தான் சட்டத்தால் மருமகனுக்கு எழுதிவைக்க முடிந்தது, தூரிகையை அல்ல.

திருவிதாங்கூர் அரண்மனையிலும் இப்படித்தான். 1813இல் பிறந்த சுவாதித் திருநாளுக்கு அரியணை தாய்வழியில் வந்தது. இரண்டு வயதில் தாயை இழந்தபின் சிற்றன்னை கௌரி பார்வதி பாயி நாட்டை நடத்தினார். சங்கனாச்சேரியைச் சேர்ந்த தந்தை ராஜராஜ வர்மா வடமொழிப் புலமையுள்ளவர். பிள்ளையின் கல்வியில் அவருக்குப் பங்கு இருந்தது. ஆட்சியில் உரிமை ஏதுமில்லாத ஒருவரால் ஓர் அரசனின் படிப்பில் பங்கெடுக்க முடிந்திருக்கிறது.

முறையின் கோளாறு வேறிடத்தில் முளைத்தது. காரணவருக்கு இரண்டு வகைப் பிள்ளைகள்: கண்டித்து வளர்க்கவேண்டிய மருமக்கள் ஒரு வீட்டில், பாசத்துக்குரிய மக்கள் இன்னொரு வீட்டில். சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்படும் மாமன் தறவாட்டுப் பணத்தில் கைவைப்பதும், அனந்திரவர்கள் எனப்படும் தறவாட்டு இளையவர்கள் வழக்குப் போடுவதும் வாடிக்கையாயின. தாய்மாமன் நடுநிலையாளர் என்ற பெருமை பெரும்பாலும் ஏட்டளவே.

தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இது இன்னும் கொடுமையாயிற்று. அங்கே மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்வாள், சொத்து மட்டும் மருமகனுக்குப் போகும். தாய்வீட்டுப் பாதுகாப்பும் இல்லை, தந்தைவீட்டு உரிமையும் இல்லை. அப்பாவோடு வயலில் இறங்கி உழுது நட்டு அறுத்த மகன், அவர் கண்மூடிய பிறகு களத்து நெல் அத்தை மகனின் பத்தாயத்துக்குப் போவதைப் பார்த்து நிற்பான். ‘உகந்துடைமை’ என்ற பெயரில் மக்களுக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த அவலத்தை ‘மருமக்கள்வழி மான்மிய’த்தில் நையாண்டி செய்தார். ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயால் அதைச் சொல்லவைத்தது கூர்மையான தேர்வு. அடிபட்டவர் யார் என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது.

திருவிதாங்கூரில் 1912ஆம் ஆண்டு நாயர் சட்டம் சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்று, மனைவி மக்களைக் காப்பாற்றும் கடமையைக் கணவன்மேல் வைத்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் தறவாட்டைப் பங்கு பிரிக்க வழிவிட்டது. அடுத்த ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் தனிச்சட்டம் வந்தது. கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக்குடும்ப முறையே சட்டத்திலிருந்து நீங்கியது. தந்தைக்குப் பொறுப்பு வந்தது நியாயமே. கூடவே பாசமும் அதிகாரமும் பணப்பையும் ஒரே ஆளிடம் குவிந்தன. தட்டிக்கேட்க மாமன் இல்லை, திரும்பிப்போகத் தறவாடு இல்லை. சீர்திருத்தம் பேசியவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் இன்றும் பழைய முறை நீடிக்கிறது. கேரள விளையாட்டு மன்றத்தின் முதல் தலைவராக இருந்து மாநிலத்தின் விளையாட்டுத் துறையை வளர்த்த கோதவர்ம ராஜா, பூஞ்ஞாறிலிருந்து வந்து இக்குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். குடும்பத் தலைமை அவருக்கு உரியதல்ல. 2013இல் குடும்பத் தலைவர் உத்திராடம் திருநாள் மறைந்தபோது தலைமை அவருடைய சகோதரியின் மகனும் கோதவர்மரின் மகனுமான மூலம் திருநாளுக்குப் போனது. பத்மநாபசுவாமி கோயிலில் அக்குடும்பத்துக்குள்ள உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதிசெய்தது.