ட்யூனரின் பச்சை விளக்கும் காதின் தீர்ப்பும்

கிட்டார் கற்க வருகிறவர்களை இன்று முதல் நாளே ஒரு கிளிப் ட்யூனர் வாங்கச் சொல்கிறார்கள். கிட்டாரின் தலைப்பகுதியில் அதை மாட்டி, தந்தியை மீட்டி, பச்சை விளக்கு எரியும்வரை கீயைத் திருகினால் சுருதி சேர்ந்துவிடும். இது காதைக் கெடுக்கும் பழக்கம் என்று குறைசொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அந்தக் குறையில் பாதிதான் நியாயம்.

ட்யூனரின் பெரிய நன்மை வேகம் அல்ல. சுருதி கலைந்த கிட்டாரில் வாரக்கணக்காகப் பயிலும் மாணவரின் காதில் அந்த ஒலியே பழகிப்போகும். விரல்கள் சரியான இடத்தில் இருந்தும் கார்டு கசந்தால், அவர் தன் விரல்களைத்தான் சந்தேகிப்பார். முதல் நாளிலிருந்தே சரியான ஒலியைக் கேட்க வைப்பதால் ட்யூனர் காதுக்கு நன்மையே செய்கிறது. அதிலும் கிளிப் வகை மரத்தின் அதிர்வை நேராக உணர்கிறது. பலர் ஒன்றாக வாசிக்கும் வகுப்பில் கைபேசிச் செயலி திணறும்போதும் இது தடுமாறுவதில்லை.

ஆனால் ட்யூனர் பக்கத்தில் எந்த ஸ்வரம் இருக்கிறதோ அதைத்தான் காட்டும். மிகவும் இறங்கிவிட்ட பி தந்தி, ஏ என்ற எழுத்தோடு பச்சை காட்டக்கூடும்; எழுத்தைப் பார்க்காதவர் அங்கேயே நிறுத்திவிடுவார். இதைவிடப் பெரிய குறை, கண்ணை நம்பியே சுருதி சேர்த்தவருக்குப் பாட்டின் நடுவே ஒரு தந்தி இறங்கினால் எது இறங்கியது என்று தெரியாமல் போவது.

பழைய வழி ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்குகிறது. ஆறாவது தந்தியை அங்கே அழுத்தினால் 110 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தி திறந்த நிலையில் தர வேண்டியதும் அதுவே. அது 108-இல் நின்றால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது இதுதான். கீயைத் திருகத் திருக விம்மல் மெதுவாகி, கரைந்து, மறையும். அதைக் கேட்கக் கற்றவருக்கு இசையில் ஒரு கதவு திறக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வேறெந்தத் தொடக்கப் பயிற்சியும் காதை இவ்வளவு கூர்மையாக்குவதில்லை.

எனினும் இந்த வழியில் பிழை கூடிக்கொண்டே போகும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். ஏறியதை அளவாக வைத்து அடுத்த தந்தி, அதை வைத்து அதற்கடுத்தது. ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளின் ஹார்மோனிக்குகளைப் பொருத்தும் வழியில் அழுத்தம் என்ற சிக்கல் இல்லை. ஆனால் அது தரும் தூய இடைவெளி, கிட்டாருக்கு வேண்டியதைவிட இரண்டு சென்ட் குறைவு. ஒரு அரை ஸ்வரம் நூறு சென்ட். மூன்று முறை பொருத்தியதும் ஆறு சென்ட் பிசகு சேர்ந்துவிடும்.

காதையே இறுதித் தீர்ப்பாக வைக்கும் வாதம் சறுக்குவதும் இங்கேதான். தம்பூராவில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிப்பதால் காது அங்கே முழு அதிகாரத்தோடு முடிவு சொல்லலாம். கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவாக, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து அமைந்தவை. அதில் மேஜர் கார்டின் காந்தாரம் தூய காந்தாரத்தைவிடப் பதினான்கு சென்ட் அதிகம். இ மேஜர் கார்டை வாசிக்கும் நல்ல காதுள்ள மாணவர் மூன்றாவது தந்தி ஏறியிருப்பதாக எண்ணி அதை இறக்குவார். அந்தக் கார்டு இனிக்கும். ஆனால் சி மேஜருக்குப் போனால் அதே ஜி தந்தி இறங்கிக் கசக்கும். இந்த இடத்தில் ட்யூனர் சொல்வதே சரி.

ஆகவே, இரண்டில் எது முதலில் வர வேண்டும் என்பதுதான் கேள்வி. 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று போதும்: ஐந்தாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட் ஹார்மோனிக் அதே 440. அதிலிருந்து மற்ற ஐந்தையும் காதால் சேர்க்கட்டும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு மட்டும் நான்காவது ஃப்ரெட். எதைச் சேர்த்தாலும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்தினால்தான் கீயின் தளர்ச்சி சுருதியை மீண்டும் இறக்காது. ட்யூனரை அதன் பிறகு மாட்டி, எந்தத் தந்தி எந்தப் பக்கம் விலகியது என்று பார்க்கலாம். முதல் சில வாரங்களில் சிறு பிள்ளைகளிடம் இதைக் கேட்க முடியாது. அவர்களுக்கு ட்யூனர் மட்டும் போதும். எனக்கு உடன்பாடே இல்லாதது, வகுப்பு தொடங்குமுன் எல்லாக் கிட்டார்களையும் ஆசிரியரே சேர்த்துக் கையில் கொடுப்பதுதான். அந்த ஐந்து நிமிடத்தை மாணவர்களிடமே விட்டுவிட வேண்டும், அன்றைய பாட்டு பாதியில் நின்றாலும்.