வெளிவராத இரண்டு படங்கள்

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி இரண்டே விதமாகத்தான் எழுதப்படுகிறது. ஒன்று, வசூல் கணக்கு. மற்றது, கலை செத்துவிட்டது, எல்லாம் குழந்தைத்தனமாகிவிட்டது என்ற புலம்பல். முதலாவதை எழுதுகிறவர்களுக்குப் படம் ஒரு பொருட்டில்லை. இரண்டாவதை எழுதுகிறவர்களுக்கோ பணத்தைப் பற்றிப் பேசுவதே ரசனைக்கு இழுக்கு. பணம் என்பது படத்துக்கு வெளியே நின்று அதை நிர்ப்பந்திக்கும் ஒரு புறச்சக்தி என்று எடுத்துக்கொள்வதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் படங்களில் பணம் வெளியே இல்லை. கவிதைக்கு யாப்பு எப்படியோ அப்படி, இவற்றுக்கு முதலீட்டின் விதிகள். எது சொல்லப்படலாம், எது முடியலாம், யார் சாகலாம் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. இதைப் பார்க்க, ஓடிய படங்களைவிட வெளிவராமல் போன இரண்டு படங்கள் அதிகம் உதவும்.

முதலாவது 'தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. மார்வெல் காமிக்ஸின் இந்த நால்வரைப் படமாக்கும் உரிமை ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐஷிங்கரிடம் இருந்தது. 1992 டிசம்பர் முடிவதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை கையைவிட்டுப் போய்விடும். பெரிய படம் எடுக்கப் பணம் திரளவில்லை. மலிவுப் படங்களில் பேர்போன ரோஜர் கார்மனைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 10 லட்சம் டாலரில், கெடுவுக்குச் சில நாட்கள் முன்னதாகப் படத்தை ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது. நடிகர்கள் தங்கள் கைக்காசைச் செலவு செய்து விளம்பரத்துக்கு அலைந்தார்கள். 1994 ஜனவரியில் நடக்கவிருந்த முதல் காட்சி ரத்தாயிற்று. படம் வரவேயில்லை. இது திரையிடுவதற்காக எடுக்கப்பட்டதே இல்லை என்று பின்னாளில் ஸ்டான் லீ சொன்னார்; ஐஷிங்கர் மறுத்தார். யார் சொன்னது உண்மையாக இருந்தாலும், படம் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்துவிட்டது. உரிமை நிலைத்தது. 2005இல் அதே ஐஷிங்கர் பங்கேற்புடன், 10 கோடி டாலர் செலவில், அதே நால்வரும் ஊரறிய வந்தார்கள்.

திருட்டுப் பிரதிகளில் அந்தப் பழைய படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கடைசியில், ரப்பர் மாதிரி நீளும் உடம்புள்ள கதாநாயகன் கல்யாணக் காரிலிருந்து கையசைக்கிறான். கம்பில் மாட்டிய கையுறை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். சிரிப்பு வருகிறது, கூடவே வேறொன்றும் வருகிறது. அந்தக் கையை ஆட்டியவர்கள் யாரோ பார்க்கப் போகிறார்கள் என்று நம்பித்தான் ஆட்டினார்கள்.

செலவு பெருத்ததால் கலை கெட்டது என்ற சுலபமான முடிவுக்கு இதிலிருந்து போய்விட வேண்டாம். 1978இல் வந்த ரிச்சர்ட் டானரின் 'சூப்பர்மேன்' அந்நாள்வரை எடுக்கப்பட்ட படங்களில் மிக அதிகச் செலவு பிடித்தவற்றில் ஒன்று. 5 கோடியே 50 லட்சம் டாலர் என்பார்கள். தயாரிப்பாளர்களான சால்கைண்டுகள் பணவிஷயத்தில் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரே படம் என்று நடிகர்களை அழைத்து 'மூன்று மஸ்கெட்டியர்க'ளை எடுத்து, அதை இரண்டாக வெட்டி 1973லும் 1974லும் வெளியிட்டவர்கள். அதற்குப் பிறகு, எடுப்பது எத்தனை படம் என்று சொல்லியாக வேண்டும் என்ற விதி ஹாலிவுட் ஒப்பந்தங்களில் சால்கைண்ட் பெயரிலேயே ஏறிவிட்டது. 'சூப்பர்மேன்' படத்தில் சில நிமிடங்களே தலைகாட்டும் மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் பங்கும். பங்குக்காக அவர் வழக்குப் போட்டார். இரண்டாம் பாகத்துக்காக அவரை வைத்து எடுத்த காட்சிகள் அதில் சேரவில்லை.

ஆனால் இந்த வியாபாரிகளின் பணத்தில் கணிசமான பங்கு ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவதில் செலவாயிற்று: ஒரு மனிதனைப் பறக்கவைப்பது எப்படி? ஸோரன் பெரிசிக் கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒரே கதியில் இயங்கும் ஸூம் லென்ஸுகளைப் பொருத்தினார். பின்னணி அசையாமல் இருக்க, தொங்கவிடப்பட்ட மனிதன் மட்டும் நம்மை நோக்கி வருவதுபோல் ஆயிற்று. பணம் ஒரு பிம்பத்தைத் தேடிப் போன தருணம் இது. கிறிஸ்டஃபர் ரீவின் உடம்பு காற்றில் சாயும்போது அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. வறுமையும் தானாகவே நல்லது செய்துவிடாது. 1987இல் நாலாவது 'சூப்பர்மேன்' படத்தின் செலவை கேனன் கம்பெனி பாதியாக வெட்டி 1 கோடியே 70 லட்சமாக்கியது. நியூயார்க்கின் ஐ.நா. கட்டிடத்துக்கு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் ரயில் நிலையம். அதே பறக்கும் ஷாட் திரும்பத் திரும்ப வருகிறது.

கணக்கின் வினோதம் முழுசாக வெளிப்பட்டது 'பேட்மேன்' விவகாரத்தில். 1989இல் உலகமெங்கும் 41 கோடி டாலர் வசூலித்த படம். பேட்மேன் உரிமையைப் பல வருஷம் சுமந்து திரிந்து அதைப் படமாக்கக் காரணமாயிருந்த மைக்கேல் உஸ்லானுக்கும் பெஞ்சமின் மெல்னிக்கருக்கும் ஒப்பந்தப்படி நிகர லாபத்தில் பங்கு உண்டு. ஸ்டூடியோ கணக்குக் காட்டியது: படம் மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! இருவரும் 1992இல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். இதில் திருட்டுக் கணக்கு எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வரும் பணத்தில் முதலில் ஸ்டூடியோ தனக்குத் தானே விநியோகக் கட்டணம் எடுத்துக்கொள்ளும், பிறகு விளம்பரம், பிறகு தான் போட்ட பணத்துக்கு வட்டி, பிறகு ஜாக் நிக்கல்ஸன் போன்று மொத்த வசூலிலேயே பங்கு வாங்கியவர்கள். நிகர லாபம் என்பது இத்தனை பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு இலையில் மிஞ்சுவது. நாம் பத்திரிகையில் படிக்கும் வசூல் வேறு, தியேட்டர்காரர் தன் பங்கைக் கழித்துக்கொண்டு அனுப்புவது வேறு. அமெரிக்காவில் ஏறக்குறையப் பாதி வரும்; சீனாவிலிருந்து 2012 ஒப்பந்தப்படி நூற்றுக்கு 25. போட்டதைப் போல இரண்டரை மடங்கு வசூலானால்தான் தப்பித்தது என்று ஒரு வாய்க்கணக்கு புழங்குவது இதனால்தான். லாபம், நஷ்டம் என்பவை நடந்த நிகழ்ச்சிகளே அல்ல, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும் கதைகள். கதை சொல்லும் திறமையில் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் எழுத்தாளன் எம்மாத்திரம்? (சூப்பர்மேனை உண்டாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அவனை விற்ற விலை 130 டாலர். அந்தத் தொகை அடங்கிய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போயிற்று. காகிதத்துக்குக் கிடைத்தது கற்பனைக்குக் கிடைக்கவில்லை.)

அடுத்த கட்டம் அடகு. 1996இல் திவாலான மார்வெல், ஸ்பைடர்மேனையும் எக்ஸ்-மென்னையும் வெவ்வேறு ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. 2005இல் மிச்சமிருந்த பத்துக் கதாபாத்திரங்களின் படவுரிமையை ஈடாக வைத்து - கேப்டன் அமெரிக்கா, ஆன்ட்-மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் முதலானோர் - மெரில் லிஞ்ச் மூலம் 52 கோடியே 50 லட்சம் டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டது. படங்கள் தோற்றால் பாத்திரங்கள் கடன்காரனுக்கு. அந்தக் கடனில் வந்த முதல் படம் 2008இன் 'அயர்ன் மேன்'. 14 கோடியில் எடுத்து 58 கோடி. மறுவருஷமே டிஸ்னி ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு மார்வெலையே வாங்கிவிட்டது.

பாத்திரம் அடகில் இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். அடகு வைத்த நகையை உருக்க முடியாது. அடகில் இருப்பவன் சாக முடியாது, மூப்படைய முடியாது, அவன் கதை முடியவும் முடியாது. 'அயர்ன் மேன்' படத்தில் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு ஒருவன் வந்து அடுத்த படத்துக்கான அழைப்பை வைத்துவிட்டுப் போகிறானே, அது அலங்காரமில்லை. துன்பியல் என்பதற்கு ஒரு முடிவு வேண்டும். முடிவே கூடாது என்பது இங்கே கடன் பத்திரத்தின் ஷரத்து. டோனி ஸ்டார்க் 2019இன் 'எண்ட்கேம்' படத்தில் செத்தானே என்று கேட்கலாம். செத்தான், 279 கோடி டாலர் வசூலித்த படத்தில். அவனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் வேறொரு பாத்திரத்தின் முகமூடியில் திரும்பி வருவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. தமிழில் அவனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தது பொருந்தவில்லை என்று 2019இல் இங்கே சண்டை நடந்தது. அந்தப் படத்தைப் பற்றி இங்கே நடந்த அழகியல் விவாதம் அநேகமாக அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்த வாரத்தில் எத்தனை கோடி என்பது. லாபத்தில் பங்கில்லாத பங்குதாரனாக ரசிகன் மாறிவிட்டான்.

2014 அக்டோபரில் வார்னரும் மார்வெலும் சில நாட்கள் இடைவெளியில் வரப்போகும் பல வருஷத்துப் படங்களின் பட்டியலை வெளியிட்டன. பலவற்றுக்குக் கதையில்லை, இயக்குநர் இல்லை. தேதி மட்டும் இருந்தது. பிராண்டோ காலத்துப் பணம் பிம்பத்தைத் தேடிப் போனது என்றால் இந்தப் பணம் தேதியைத் துரத்துகிறது. 'ஜஸ்டிஸ் லீக்' (2017) சுமார் 30 கோடி டாலர் படம். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவில், மறுபடப்பிடிப்பின்போது இன்னொரு ஸ்டூடியோவின் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்த ஸ்டூடியோ மழிக்க அனுமதிக்கவில்லை. தேதியைத் தள்ளவும் முடியாது. ஆகவே கம்ப்யூட்டரில் மீசையை எடுத்தார்கள். மனிதனைப் பறக்கவைத்த அதே கலை 39 வருஷத்தில் வந்து சேர்ந்த இடம் ஒரு மேலுதடு, அதுவும் சரியாக வரவில்லை. முந்தின வருஷம் 'டெட்பூல்' படத்துக்குக் கடைசி நேரத்தில் 70 லட்சத்தை வெட்டினார்கள். துப்பாக்கிச் சண்டைக்குக் காசில்லை. எனவே கதாநாயகன் துப்பாக்கிப் பையை டாக்ஸியில் மறந்துவிட்டுப் போகிறான். படத்தின் சுபாவத்துக்கு அதைவிடப் பொருத்தமான தருணம் அதில் இல்லை. 5 கோடியே 80 லட்சத்துக்குள் எடுத்து 78 கோடி ஈட்டியது. உடனே, சிக்கனம்தான் சூத்திரம் என்று சிலர் எழுதினார்கள். மில்டன் கீன்ஸ் அவர்களுக்கு ஞாபகமில்லை.

நம் விமர்சனம் கணக்கேட்டிலிருந்து கடன் வாங்கி, வாங்கியதையே மறந்துவிட்ட சொல் 'தோல்வி'. டாட் பிலிப்ஸின் 'ஜோக்கர்' (2019) ஆறேழு கோடிக்குள் தயாராகி 100 கோடிக்கு மேல் போயிற்று. அதன் தொடர்ச்சி (2024) சுமார் 20 கோடியில் தயாராகிச் சுமார் 20 கோடியே வசூலித்தது. தோல்வி என்றார்கள். முதல் படத்தின் விலையில் எடுத்திருந்தால் இதே வசூலுக்கு வெற்றி என்றிருப்பார்கள். படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறியிருக்காது. முதல் படத்தில் தன்னை ஆராதித்தவர்களையே உதறும் இரண்டாவது படம் எனக்கு முழுமையாக ஒப்புதலில்லை. பாட்டுகள் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் அது எடுத்துக்கொண்ட துணிச்சல் முதலாவதில் கிடையாது. அந்தத் துணிச்சலைப் பற்றி ஒரு பத்தி எழுத யாருக்கும் பொழுதில்லை, முதல் வார வசூல் வந்துவிட்டதால்.

இனி இரண்டாவது படம். அடில் எல் அர்பியும் பிலால் ஃபல்லாவும் இயக்கிய 'பேட்கேர்ள்', சுமார் 9 கோடி டாலர் செலவில் படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் இருந்தது. 1989இல் பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டன் அதே உடையில் இதிலும் வருகிறார். 2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் ஒன்றாயின. புதிய நிர்வாகம் ஆகஸ்டில் அறிவித்தது: படம் வராது, தியேட்டரிலும் வராது, வீட்டுத் திரையிலும் வராது. எந்த வடிவிலும் வெளியிடாமல் இருந்தால்தான் முழுச் செலவையும் தள்ளுபடியாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ள முடியும். யாராவது ஒருவர் டிக்கெட் வாங்கிவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். 1992இல் உரிமை நிலைக்க ஒரு படம் பிறந்தாக வேண்டியிருந்தது. 2022இல் வரி குறைய ஒரு படம் செத்தாக வேண்டியிருந்தது. இரண்டிலும் பார்வையாளன் தேவைப்படவில்லை. முதல் படத்துக்காவது அவன் வேண்டாதவன். இரண்டாவதற்கு அவன் இடைஞ்சல்.

அது நல்ல படமா இல்லையா? அறிய வழியில்லை. நன்றாக இல்லை என்று சில குரல்கள் ஸ்டூடியோ பக்கத்திலிருந்து வந்தன. நன்றாக இல்லாத படங்களை அவர்கள் இதற்கு முன் வெளியிட்டதே இல்லை என்பதுபோல. வேலை செய்தவர்களுக்காக ஸ்டூடியோவுக்குள்ளேயே மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஓரிரு காட்சிகள் நடந்ததாகச் செய்தி வந்தது. துக்கக் காட்சிகள் என்றுதான் அவற்றைச் சொன்னார்கள். செய்தி எட்டியபோது இயக்குநர்கள் மொராக்கோவில், அடிலின் கல்யாணத்தில் இருந்தார்கள். படத்தின் பகுதிகளையாவது கைபேசியில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவை சேமித்திருந்த சர்வருக்குள் நுழையப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.