போனைப் பற்றிய பேச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்பத்தூர் ஓ.டி. பக்கமுள்ள எங்கள் வீட்டில் போன் பேச்சு ஆரம்பமாகும். போனில் பேசுவது இல்லை, போனைப் பற்றிப் பேசுவது. ஆவடியில் எந்த கம்பெனி சிக்னல் எடுக்கிறது, எந்த பிளானில் எத்தனை ஜிபி என்று போகும். மாதத்தை 28 நாளாக்கி வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் பிடுங்குகிறார்கள் என்று சித்தப்பா கொதிப்பார். ஐபோனே நம்ம ஸ்ரீபெரும்புதூரில்தான் தயாராகிறது என்று தம்பி பெருமைப்படுவான். கடைசியில் இருவரும் ஒன்றுசேர்ந்து, "பொம்பளைங்க கையில நெட்டக் குடுத்தா ரீல்ஸ்தான்" என்று சிரிப்பார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அவர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. 28 நாள் கணக்கு கொள்ளைதான். ஆனால் இந்தப் பேச்சில் பெண்ணுக்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது: டேட்டாவை வீணாக்குகிறவள். அதே போனைப் பூட்டுகிறவள் இதில் வரவே மாட்டாள். இத்தனைக்கும் அவள் எங்கோ இருப்பவள் இல்லை. விடிவதற்கு முன் பூந்தமல்லியில் நின்றால் கம்பெனி பஸ்களில் அவளைப் பார்க்கலாம், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

2021 டிசம்பரில் அவள் செய்தியானாள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்று பூந்தமல்லிக்கு அருகே இருந்தது. அங்கே சாப்பாடு கெட்டுப்போய்ப் பெண்கள் நோயில் விழுந்தார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஓர் அறைக்கு 6 பேர் முதல் 30 பேர் வரை, படுக்கை தரையில், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராது என்று விடுதிகளின் நிலை பிறகு வெளியே வந்தது. தன் அறைத் தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் திரண்டு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

யாரும் இறக்கவில்லை. அதனால் மொத்தச் சம்பவத்துக்கும் ‘வதந்தி’ என்று பெயர் வைப்பது எளிதாகப் போயிற்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசினார்கள்: "வாட்ஸ்அப்ப நம்பி ரோட்டுக்கு வந்துட்டாளுங்க." இந்த வாக்கியத்தில்தான் என் சண்டை. கேட்ட கேள்விக்குப் பொறுப்பானவர்கள் வாய் திறந்திருந்தால் வதந்திக்கு என்ன வேலை? எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சரிபார்க்காத செய்தியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவர் போனை யாரும் பிடுங்கியதில்லை. அவருடைய அப்பாவுக்கு போன் போட்டு, பையனை அடக்கி வை என்று யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்களுக்கு அது நடந்தது. 67 பெண்களைக் காவலில் வைத்து, போன்களைப் பறித்து, பெற்றோரை அழைத்துப் போலீசார் எச்சரித்தார்கள் என்று ஒரு தொழிற்சங்கத் தலைவரும் அவர்களுக்கு உதவிய வழக்கறிஞரும் சொன்னதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. சம்பளம் வாங்கும், ஓட்டுப் போடும் வயதுப் பெண்கள்! முதலில் போன், அடுத்து அப்பா. இந்த வரிசை நம் வீடுகளில் புதிதா என்ன?

ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல் மறுபடி திறந்தது. விடுதிகள் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பெண்கள் ரோட்டுக்கு வந்தபிறகுதான் இவ்வளவும். அப்போது அங்கே மாதச் சம்பளம் ஏறக்குறைய 10,500 ரூபாய். இந்தியாவில் ஐபோன் 12 விற்பனைக்கு வந்தபோது விலை 79,900. சாப்பிடாமல், விடுதிக்குக் கட்டாமல் ஏழரை மாதத்துக்கு மேல் சேர்த்திருந்தால் அவள் பூட்டியதை அவளே வாங்கியிருக்கலாம். 2024 ஜூனில் இன்னொரு செய்தியும் வந்தது: அதே ஆலையின் ஐபோன் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்கிவிடுகிறார்கள் என்று. தம்பியின் பெருமையில் இதற்கும் ஓர் ஓரம் வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களிடம், ‘நீங்களே பயன்படுத்தும்’ போன் இருக்கிறதா என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் ஆம் என்றார்கள். நெட்டைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. எங்கள் பெரியம்மா ஆம் என்றுதான் சொல்லியிருப்பார். போன் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் பேங்க் கணக்கில் கொடுத்திருப்பது அண்ணன் நம்பர். உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறியதா என்று மாசா மாசம் 15ஆம் தேதி அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். போன ஞாயிறு, "அந்த மெசேஜ் எனக்கே வர்ற மாதிரி பண்ண முடியாதாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கூடத்தில் சித்தப்பா 5ஜி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு பேங்குக்குப் போனேன்.