கூழாங்கல்லில் வெட்டாத இடங்கள்

எங்கள் புதுக்கோட்டையிலிருந்து (தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை!) மதுரை தாண்டிப் போனால் மேலூர். அந்த வட்டாரத்துப் பொட்டலில்தான் பி.எஸ். வினோத்ராஜ் ‘கூழாங்கல்’ எடுத்தார். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய சின்ன பட்ஜெட் படம்.

ஒரு படம் ஓடும் நேரத்தை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஷாட் நீளம் வரும். 1970களில் திரைப்பட ஆய்வாளர் பாரி சால்ட் பிரபலமாக்கிய கணக்கு. சராசரி கிடக்கட்டும்; எங்கே வெட்டவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். இந்தப் படத்தில் அப்பன் முன்னால் கொதித்துக்கொண்டு நடக்கிறான், பின்னால் மகன். கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறான் பையன். கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியில் தண்ணீர் மொள்கிறார்கள். ஊறுகிற வேகத்தில்தான் காட்சியும் நகர்கிறது. எடிட்டர் கணேஷ் சிவா அவசரப்படவே இல்லை.

காசில்லாததால்தான் நீள ஷாட் என்பார்கள். பாதி உண்மை. கேமராவை இடம் மாற்றி வைக்கும் நேரம் மிச்சம்தான். ஆனால் கடைசி நொடியில் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டால் மொத்தமும் போச்சு. ஒட்டுப்போட வேறு துண்டும் இருக்காது.

ஓடிடியில் பார்ப்பவர்கள் தயவுசெய்து ஃபார்வர்டு பட்டன் பக்கம் போகாதீர்கள்.