இருத்தல் வினையும் ஹாம்லெட்டின் ஜப்பானிய மொழிபெயர்ப்புகளும்

ஆங்கிலத்தின் 'டு பி' என்னும் வினை, ஒன்று உளது எனக் கூறவும் ஒன்று இன்னதாக உளது எனப் பயனிலையை இணைக்கவும் பயன்படுகிறது. இக்கால ஜப்பானிய மொழியில் இப்பணிகள் பிரிந்து கிடக்கின்றன. உயிருள்ளவற்றின் இருப்புக்கு 'இரு', உயிரற்றவற்றின் இருப்புக்கு 'அரு', இணைப்புக்குத் 'தெ அரு' முதலியன வருகின்றன. ஹாம்லெட் நாடகத்தின் மூன்றாம் அங்கத் தனிமொழி இவ்வினையை எழுவாயின்றி, அதன் எதிர்மறையோடு சேர்த்து முன்வைக்கிறது. இருப்பது யார், எவ்வாறு என்று மூலம் கூறவில்லை. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரோ வினையைத் தெரிவு செய்யும்போதே அதற்கு விடை கூறிவிட நேர்கிறது.

1882இல் வெளிவந்த 'ஷின்தைஷி-ஷோ' தொகுப்பில் இத்தனிமொழிக்கு இரு பெயர்ப்புகள் உள்ளன. தாவரவியலாளரான யதாபே ரியோகிச்சி, உயிர் தரித்து நீடித்தலைக் குறிக்கும் 'நகாராவு' என்னும் வினையைக் கொண்டார். தோயாமா மசகாசு, சாதல் நன்றா வாழ்தல் நன்றா என்னும் ஒப்பீடாக மாற்றினார். பின்வரும் அடிகள் சாவையே பேசுவதால் இருவர்க்கும் சான்று உண்டு. எனினும், மூலத்தில் சிந்தனை படிப்படியாகவே சாவை அடைகிறது; இப்பெயர்ப்புகள் அதை முதலடியிலேயே கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. இது சிறு இழப்பன்று.

இவற்றுக்கு முன்பே, 1874இல், யோகோஹாமாவில் சார்லஸ் வர்க்மன் நடத்திய 'ஜப்பான் பஞ்ச்' இதழில் 'அரிமாசு', 'அரிமாசென்' என்னும் வடிவங்களைக் கொண்ட ஒரு பெயர்ப்பு வெளிவந்தது. கடையில் சரக்கு உண்டா இல்லையா என வினவுவது போல் ஒலிப்பதால் அது நகைப்புக்குரியதாகவே கருதப்பட்டு வருகிறது. நகைப்புக்குக் காரணம் அன்றாட உரையாடலின் பணிவு விகுதியே தவிர, வினை அன்று என்பது என் கருத்து. எழுவாயைத் திறந்து வைத்ததில் அப்பெயர்ப்பு 1882ஆம் ஆண்டுப் பெயர்ப்புகளைவிட மூலத்துக்கு அணுக்கமானது.

பழைய ஜப்பானியத்தில் 'அரி' மாந்தர்க்கும் உரியதாக இருந்தது. 'இரு'வின் முன்னை வடிவமான 'விரு' அமர்தலைக் குறித்தது. இருக்கை என்னும் சொல்லை உடைய தமிழர்க்கு இப்பொருள் வளர்ச்சி வியப்பளிக்காது. ஆனால், ஓனோ சுசுமு முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கருதுகோளில் ஈடுபாடு உடையோர், இன்றைய ஒலியொப்புமையைக் கொண்டு விரைந்து முடிவு காணலாகாது. ஒப்பிட வேண்டியது பழைய வடிவத்தையே.

சுபோவுச்சி ஷோயோ முந்தைய பெயர்ப்பில் 'நகாராவு'வையே ஏற்றிருந்தார். 1933ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை விடுத்து 'யோ நி அரு', அதாவது உலகில் இருத்தல், என்னும் தொடரைக் கொண்டார். உயிரோடிருத்தல், உலகில் மதிப்போடிருத்தல் ஆகிய இரண்டையும் சுட்டும் பழந்தொடர் அது. அரியணை இழந்த இளவரசனுக்கு இரண்டும் பொருந்தும்.

1970களில் ஒதாஷிமா யூஷி இருத்தல் வினையையே கைவிட்டு, 'இப்படியே இருந்தால் சரியா, ஆகாதா' என்னும் பொருள்பட அமைத்தார். பொறுத்துக்கொள்வதா எதிர்த்தெழுவதா என அடுத்து வரும் வினாவோடு இது நன்கு இயைகிறது. ஆனால் அதன்பின் சாவைப் பற்றிய பேச்சு முன்னறிவிப்பின்றித் தொடங்குகிறது.