குழாய் சொல்லாத எடை

துளைகள் கொண்ட ஜெல்லை நிரப்பிய குழாயில் புரதங்களை இறக்கிப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலில் புரதத்தின் மூலக்கூறு எடை கிடைத்துவிடும், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், இதில் என்ன குறை என்ற சமாதானம் ஆய்வேடுகளில் இன்னும் தொடர்கிறது. இதை ஏற்க என்னால் முடியவில்லை.

இதில் எடை அளவுகோலாகப் பயன்படும் கைமோடிரிப்சினோஜன்-ஏ மீது எனக்குப் பெரிய புகார் இல்லை. மாட்டுக் கணையத்திலிருந்து குனிட்ஸும் நார்த்ரப்பும் 1930களில் படிகமாக்கிய முன்னோடிப் புரதம் அது. 245 அமினோ அமிலங்களை ஐந்து டைசல்ஃபைடு பிணைப்புகள் இறுக்கிக் கட்டிய உருண்டை, எடை 25.7 கிலோடால்டன். எட்டு டிரிப்டோஃபான்கள் இருப்பதால் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் துலக்கமாகத் தெரியும். நொதியாக இன்னும் விழிக்காத வடிவம் என்பதால், கூட ஓடும் புரதங்களை அறுக்காது. நேர்மின்னேற்றம் மிகுந்தது, உப்பு குறைந்த கரைசலில் ஜெல்லில் ஒட்டித் தாமதமாக இறங்கும். 0.15 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாகாதது வேறொன்று. ஜெல்லின் துளைகள் எடை பார்ப்பதில்லை, பருமன் பார்க்கின்றன; துளைகளில் நுழைய முடியாத பெரியவை முதலில் இறங்கும். 1964-இல் பீட்டர் ஆண்ட்ரூஸ் செஃபடெக்ஸ் என்ற ஜெல் கொண்டு எடை மதிப்பிடும் வழியை விரிவாக எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1966-இல், சீகலும் மாண்டியும் புரதம் வெளிவரும் இடம் ஸ்டோக்ஸ் ஆரத்தையே (கரைசலில் அதே வேகத்தில் பரவும் கோளத்தின் ஆரம்) பின்பற்றுகிறது, எடையை அல்ல என்று காட்டிவிட்டார்கள். கைமோடிரிப்சினோஜனின் ஆரம் ஏறத்தாழ 21 ஆங்ஸ்ட்ராம். அந்தப் புள்ளியையும் ஓவால்புமின் என்ற இன்னொரு அளவுகோல் புரதத்தின் புள்ளியையும் சேர்த்து வரையும் கோடு, உருண்டைப் புரதங்களுக்கு மட்டுமே பேசும்.

உருண்டை அல்லாதவை என்ன ஆகின்றன? இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் 340 கிலோடால்டன், உருண்டையான தைரோகுளோபுலின் 669. ஆனால் குழாயிலிருந்து முதலில் இறங்குவது ஃபைப்ரினோஜன்தான். நீண்ட கழி போன்ற அதன் ஆரம் 107 ஆங்ஸ்ட்ராம், மற்றதற்கோ 85 அளவில்தான். ஆல்ஃபா-சைனூக்ளின் இன்னும் மோசம். 14.5 கிலோடால்டன் மட்டுமே உள்ள இந்த மடியாத புரதம் 60 கிலோடால்டன் உருண்டைக்கு அருகே வந்து நிற்கும். இது நான்கு சேர்ந்த கூட்டாகவே உயிரணுவில் இருக்கிறது என்று 2011-இல் எழுந்த சர்ச்சையில், குழாயால் எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல முடியவில்லை. மடிந்த நால்வர் கூட்டும் மடியாத தனி மூலக்கூறும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இறங்கும்.

இத்தனைக்குப் பிறகும் "ஜெல் வடிகட்டலின்படி இது இரட்டைப் புரதம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது அளவீடு அல்ல, நம்பிக்கை. புரதம் உருண்டை என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்த ஏற்பையே முடிவாக அச்சிடுகிறார்கள். மாணவர்களுக்கு நாம் கற்றுக்கொடுப்பதும் இதுதான் என்பது எனக்கு வேதனை.

மாற்று வழி எளிது. அட்டவணையில் எடைக்குப் பதில் ஸ்டோக்ஸ் ஆரத்தை எழுதலாம். எடை கட்டாயம் வேண்டுமென்றால் மையவிலக்கில் புரதம் படியும் வேகத்தையும் அளந்து இரண்டையும் பெருக்கலாம். ஃபைப்ரினோஜனுக்கு 107 ஆங்ஸ்ட்ராமும் 7.9 ஸ்வெட்பெர்க்கும் போட்டு, பகுதிப் பருமனையும் (ஒரு கிராம் புரதம் கரைசலில் அடைக்கும் இடம்) சேர்த்துக் கணக்கிட்டால் 340 கிலோடால்டன் வந்துவிடுகிறது.